ஏழாம் நம்பர் போத்தல்

— ஓம், அந்தப் பலகையப் புடுங்கி எறிஞ்சது நான்தான். அதையும் ஒங்கட கொப்பியில எழுதிக்கொள்ளுங்க, ஹில்மி.

— நஃபீஸா மாமி, அது எங்கட சுகாதாரக் கந்தோர் போட்ட பலகை. இந்தக் கெணத்துத் தண்ணிய குடிக்கப்படாது எண்டு நானா சொன்னன்? தண்ணியில புல்லு மருந்து இரிக்கி எண்டு ரிப்போட் சொல்லுது. திரும்ப நாட்டிப்போட்டு ஒரு கையெழுத்து வாங்கிட்டுப் போறன். அவ்வளவுதான் எண்ட வேல.

— கையெழுத்தா? இந்தக் கையப் பாருங்க. நகத்துக்குள்ள மண்ணு தெரியுதா? தோட்டம் போட்ட நாளையில இருந்து புல்ல இந்தக் கையாலதான் புடுங்குறன். புல்லச் சாகடிக்கிற மருந்து ஒரு போத்தல் காசு குடுத்து வாங்கினவள் இல்ல. அது எப்பிடி எண்ட கெணத்துக்குள்ள வந்திச்சு?

— மணல் நெலம் மாமி. பக்கத்துத் தோட்டத்துல அடிச்சாலும் எறங்கி வரும். ஒங்கள ஆரும் குத்தம் சொல்லல்லயே.

— சொல்லல்லயா? பக்கத்து ஊட்டு மர்ளியா எண்ட வாசல்ல வந்து நிண்டு, எண்ட புள்ளட ஒடம்பெல்லாம் சொறி, நீ மருந்துத் தண்ணியத் தானே தந்தாய் எண்டு கேட்டுட்டுப் போனாள். நொரச்சோலைக் கடைக்காரன் எண்ட கீரையத் தொட மாட்டானாம். தொண்ணூறுல மன்னாரால தொரத்தக்குள்ள உடுத்த உடுப்போட வந்த நாங்க. சண்ட முடிஞ்சு எல்லாரும் திரும்பிப் போகக்குள்ள நான் இஞ்சயே நிண்டது இந்தக் கெணத்த நம்பி. நானும் எண்ட மவுத்தாகிப் போன மனிசனும் வெட்டின கெணறு இது. இதுல நீங்க வந்து பலகை நாட்டுறீங்க.

— கோவம் நியாயந்தான் மாமி. ஆனா ரிப்போட்ல தெளிவா இரிக்கி. ஏழாம் நம்பர் கெணறு, புல்லு மருந்து அளவுக்கு மேல.

— ரிப்போட்ல தண்ணி எடுத்த தேதி என்ன போட்டிரிக்கி?

— போன மாசம் பதினாலு. வெள்ளிக்கிழமை.

— எடுத்தது ஆரு?

— நான்தான். கீழ எண்ட கையெழுத்து இரிக்கே.

— றஸீன்ட மகள் ஸஃப்னாவக் கட்டி நீங்க இந்த ஊட்டு வரிசைக்கு வந்து ரெண்டு வருஷம். ஒங்கட ஊட்டு ஜன்னலால பாத்தா எண்ட வேலி தெரியும். அந்த வெள்ளிக்கிழமை இந்தக் கெணத்துல என்ன நடந்திச்சு, சொல்லுங்க பாப்பம்.

— அதெல்லாம் எப்பிடி மாமி ஞாபகம் இரிக்கும்?

— எனக்கு இரிக்கி. வியாழன் பின்னேரம் மோட்டரப் போட்டு இறைச்சம். வெள்ளி முழுக்க ரெண்டு பேரு உள்ள எறங்கி சேறு வாரினாங்க. சனிக்கிழமைதான் ஊத்துத் தெளிஞ்சிச்சு. அண்டைக்கு இதுக்குள்ள இருந்தது முழங்கால் சேறு. இல்லாத தண்ணிய நீங்க எப்பிடி எடுத்தீங்க?

— மாமி, கொஞ்சம் மெதுவாக் கதைங்க.

— எதுக்கு மெதுவா? இந்தப் பலகைய அடிக்கக்குள்ள நாலு வரிசைக்குக் கேட்டிச்சே. இதுவும் கேக்கட்டும்.

— இருவத்திரெண்டு கெணறு மாமி. ஒரே நாள். ஐஸ் பெட்டியக் கட்டின ஒரு மோட்டச்சைக்கிள். ரெண்டு மணிக்கு லேப் வேன் போயிடும். நடுவுல ஜும்ஆத் தொழுகைக்கும் போகணும். இந்தப் பக்கத்து மூணு கெணறும் மிஞ்சிப் போச்சு. நாங்களும் குடிக்கிற தண்ணிதானே, சுத்தமாத்தான் இரிக்கும் எண்டு நெனச்சன்.

— நெனச்சுப்போட்டு?

— போத்தல வேற எடத்துல நெரப்பிட்டன்.

— அப்ப எண்ட கெணத்த நீங்க பாக்கவே இல்ல. பாக்காத கெணத்துக்குப் பலகை. அதுக்குக் கையெழுத்து வேற வேணும்.

— வல்லாஹி, அல்லாஹ் மேல சத்தியமா கெடுக்கணும் எண்டு செய்யல்ல மாமி. நல்ல தண்ணிதான் ஊத்தினன். சுத்தம் எண்டு வரும், ஒங்களுக்கும் கரைச்சல் இல்ல எண்டுதான் செய்தன். ரிப்போட்டப் பாத்து நானே திடுக்கிட்டுப் போனன். லேப்புல போத்தல் மாறியிரிக்கும்.

— திடுக்கிட்ட மனிசன் அண்டைக்கே வந்து சொல்லியிருக்கணும். நீங்க பலகையோட வந்தீங்க.

— சொன்னா வேல போயிடும். ஸஃப்னாவுக்கு வயித்துல ஏழு மாசம் மாமி.

— ஒங்கட வேல போகப்படாது, எண்ட மானம் போகலாம். நல்லா இரிக்கி ஒங்கட நியாயம். எங்க நெரப்பினீங்க?

— பள்ளிவாசல்ல. ஜும்ஆ முடிஞ்சு வரக்குள்ள, முன்பக்கத்துப் பைப்புல.

— குடிதண்ணி பில்டர் பைப்புலயா?

— ஓம். அதவிடச் சுத்தமான தண்ணி இந்த ஊருல எங்க இரிக்கி?

— எத்தின போத்தல்?

— மூணு. ஏழு, எட்டு, ஒம்பது.

— லேப்புல ஒரு போத்தல் மாறும் எண்டு வைப்பம். எட்டுக்கும் ஒம்பதுக்கும் என்ன வந்திச்சு?

— அதுவும் அளவுக்கு மேலதான். யூஜீனியா டீச்சர்ட கெணத்தையும் செய்னுலாப்தீன் நானாட கெணத்தையும் அதாலதானே மூடின.

— மூணு போத்தல். ஒரே பைப்பு. மூணுலயும் புல்லு மருந்து. ஹில்மி, வாயத் தொறந்து ஒருக்கா நீங்களே சொல்லிப் பாருங்க.

— அப்ப மருந்து அந்தப் பைப்புத் தண்ணியிலயா மாமி?

— பள்ளிட குழாய்க் கெணறு எங்க இரிக்கி? பெரிய வெங்காயத் தோட்டத்து வேலியோட. அந்த பில்டருக்கு உள்ளுக்குப் போடுற சாமான் கடைசியா எப்ப மாத்தின எண்டு பாங்கு சொல்ற மோதினாரக் கேட்டா அவருக்கே தெரியா. அவங்க மருந்தடிக்கிற நாளையில பள்ளி வாசல் வரைக்கும் மணக்கும். நாங்க மூக்கப் பொத்திக்கொண்டு அந்தத் தண்ணியத்தான் கேன்ல புடிச்சம்.

— எனக்கு இது மண்டையில ஓடவே இல்ல மாமி. வல்லாஹி ஓடவே இல்ல.

— மூணு கெணத்தையும் மூடி இண்டைக்குப் பத்து நாள். இந்த முப்பது ஊடும் பத்து நாளா எங்க தண்ணி அள்ளுது?

— வழிய விடுங்க மாமி. நான் போகணும்.

— பதிலச் சொல்லிட்டுப் போங்க.

— பள்ளியிலதான். ஸஃப்னா இப்பயும் கேனோட அங்கதான் நிக்கிறா. வயித்துல இரிக்கிற புள்ளைக்கு அந்தத் தண்ணிதான் நல்லம் எண்டு நான்தான் அனுப்பினன்.