பூவிழியின் இதயம் கடிகாரம் அல்ல

பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து, ஊர் திரும்பிய பின்னும் முதுகு வளையாமல் நடமாடும் அவைத்தலைவர், நெல்லித்தோப்பு வாழ் மக்கள் அன்போடு சொல்தா என்றழைக்கும் கமலக்கண்ணன் ஐயா அவர்களே, முன்வரிசையை முழுவதும் நிறைத்திருக்கும் மூத்தோரே, அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் வந்திருக்கும் தாய்மாரே, தேங்காய்த்திட்டில் மீன்கூடையை இறக்கிவைத்த கையோடு ஓடிவந்திருக்கும் ஆதிலட்சுமி அம்மா அவர்களே, அவர் பெற்ற மகளும் ஐயாயிரம் மீட்டர் ஓட்டத்தில் நம் மாநிலத்தின் முதல் பெயருமான பூவிழியே, அவளை ஓடவைத்த மாஸ்டர் கலியமூர்த்தி அவர்களே, உங்கள் அனைவருக்கும் டாக்டர் சிவசங்கரியின் மாலை வணக்கம்.

நாளை ரயிலேறித் தேசியப் போட்டிக்குப் போகிறாள் பூவிழி. வழியனுப்பும் விழாவில் வாழ்த்திப் பேச அழைத்தீர்கள். வந்துவிட்டேன், வாழ்த்துதான் வரமாட்டேன் என்கிறது.

எனக்குப் பின்னால் இருக்கும் பேனரைப் பாருங்கள். ஒரு பக்கம் புலி, ஒரு பக்கம் பூவிழி. நடுவில் கொட்டை எழுத்தில், 'கடிகாரம் போல் துடிக்கும் இதயமே, வென்று வா'. கைதட்டாதீர்கள், தயவுசெய்து கைதட்டாதீர்கள். அந்த வாசகம் எங்கிருந்து வந்தது தெரியுமா?

இந்தப் பெண் காலையில் கண் விழித்ததும், எழுவதற்கு முன்பே, மார்பில் ஒரு பட்டையைக் கட்டச் செய்து இதயத் துடிப்பை அளந்து வருகிறேன். எத்தனை முறை துடிக்கிறது என்பது மட்டுமல்ல, ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்பதே என் கவலை. போன மாதம் மாஸ்டரிடம் ஓடினேன். "இடைவெளியெல்லாம் ஒரே அளவா ஆயிடுச்சு மாஸ்டர், கடிகாரம் மாதிரி துடிக்குது, எனக்குப் பயமா இருக்கு" என்றேன். மாஸ்டர் முகம் மலர்ந்தது. "அப்ப பயிற்சி உடம்புல நல்லா ஏறிடுச்சுன்னு சொல்லுங்க டாக்டரம்மா" என்றார். அடுத்த வாரம் பேனர் வந்தது. இது நோயின் அடையாளம் ஐயா என்று விளக்கினேன், விரித்துச் சொன்னேன், வேண்டிக்கூடக் கேட்டேன். "அச்சடிச்சாச்சு, இனிமே எப்பிடி மாத்தறது" என்றார்கள் விழாக் குழுவினர்.

அச்சடித்த துணிக்கு இருக்கும் மதிப்பு அளந்து பார்த்த இதயத்துக்கு இல்லை.

சீராகத் துடித்தால் நல்லதுதானே என்கிறார் அங்கே ஒரு பெரியவர். நியாயமான கேள்வி ஐயா. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் கட்டிப்போட்ட படகு என்ன செய்கிறது? நீர் ஏறினால் ஏறுகிறது, இறங்கினால் இறங்குகிறது. ஒரு படகு மட்டும் அசையாமல் நிற்கிறது என்றால், ஆகா என்ன உறுதி என்று மெச்சுவீர்களா? தரை தட்டிவிட்டது என்று தலையில் கை வைக்க மாட்டீர்களா? நலமான இதயம் மூச்சை இழுத்தால் சற்றே விரையும், மூச்சை விட்டால் சற்றே தணியும். அந்த ஏற்ற இறக்கம்தான் உடம்பு இளைப்பாறுகிறது என்பதற்குச் சாட்சி. பூவிழியிடம் அது இருந்தது. வாரத்துக்கு வாரம் வற்றியது. இப்போது ஏறக்குறைய இல்லை.

அளவு மட்டுமா சொல்கிறது? அவளே சொன்னாள். "படுத்தா தூக்கம் வரமாட்டேங்குது டாக்டரம்மா. காலு ரெண்டும் ஊறின மரமாட்டம் கனக்குது. மாஸ்டர்கிட்ட சொன்னா மணல்ல ஓடச் சொல்வாரு." சொல்லத்தான் செய்தார். வேகம் குறைந்தால் கடற்கரை மணலில் கூடுதல் ஓட்டம் என்பது அவர் நடத்தும் விளையாட்டுக் கழகத்தின் வழக்கம். களைத்ததால் குறைந்தாள், குறைந்ததால் ஓடினாள், ஓடியதால் இன்னும் களைத்தாள். மருந்து என்று நினைத்து நஞ்சையே புகட்டினோம். மாஸ்டர் கெட்டவர் அல்லர். அவள் வெயிலில் ஓடும்போது குடையின்றி உடன் நின்றவர். அதனால்தான் எனக்கு யாரையும் திட்டக்கூட வழியில்லை.

அவைத்தலைவர் அவர்களே, ஒன்றே ஒன்று கேட்கிறேன். போட்டியிலிருந்து அவள் பெயரைத் திரும்பப் பெறுங்கள். ஓய்வு கொடுங்கள். ஓய்வு கொடுத்தால் மீளக்கூடிய உடம்பு அது. இந்த ஓட்டத்தையும் ஓடினால் மீளுமா என்று எனக்குத் தெரியாது. என் படிப்பெல்லாம் சேர்ந்தும் எனக்குத் தெரியாது.

என்ன மாஸ்டர்? சத்தமாகச் சொல்லுங்கள், எல்லோரும் கேட்கட்டும். "இந்த வருசம் விட்டா போலீஸ் வேலைக்கு வயசு தாண்டிடும்" என்கிறார். உண்மை. பதக்கம் வாங்கினால்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. ஆதிலட்சுமி அம்மா என்ன சொல்கிறீர்கள்? "நான் என்னாத்த சொல்ல, அவளக் கேளுங்க." சரி, அவளையே கேட்கிறேன். பூவிழி, எழுந்து நின்று சொல் மகளே. போகாமல் இருக்கிறாயா?

"நான் போறேன் டாக்டரம்மா. ஊரே வந்து ஒக்காந்துருக்கு."

கேட்டீர்களா? தட்டுங்கள், இப்போது நன்றாகத் தட்டுங்கள். விசில் வேறா, அதுவும் அடியுங்கள். இந்த ஆரவாரத்தைத் தாண்டி ஏறும் குரல் எனக்கில்லை. ஊரே வந்து உட்கார்ந்த பிறகு ஒரு பெண் எப்படி உட்காருவாள்? அவளை உட்காரவிடாமல் செய்ததே நம் அன்புதான் என்று யாரிடம் போய்ச் சொல்வேன்?

மாலையை அணிவிக்கும் கடமையை எனக்குத் தந்திருக்கிறார்கள். தட்ட முடியாது, போடுகிறேன். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் கேளாமல் கைதட்டியவர்களுக்கும் என் நன்றி, வணக்கம்.

பூவிழி, மேடைக்கு வா. ஓடி வராதே அம்மா. நாங்கள் நிற்கிறோம், நீ மெதுவாகவே வா.