இடியனுக்கு ஒரு கையெழுத்து

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள்:

றெஜினா. கனடாவில், கோட்-டெ-நேஜ் பகுதித் தொடர்மாடி ஒன்றில் மூன்றாம் தளத்து வீட்டுக்காரி. குழந்தைகள் காப்பகத்தில் சமைக்கிறாள்.

நீக்கிலாப்பிள்ளை. அவளுடைய கணவர். டோர்வல் விமான நிலையத்தில் இரவு வேலை. பயணப் பெட்டிகள் ஏற்றுகிறார். பதினான்கு மாதங்களாக இந்த வீட்டில் இல்லை.

ஸ்ரீதரன். அவரோடு வேலை செய்பவன். லவாலில் இவனுடைய பேஸ்மென்டில்தான் நீக்கிலாப்பிள்ளை இப்போது படுக்கிறார்.

2007 ஒக்டோபர். ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த நேரம்.

றெஜினா: ...முதல் சப்பாத்தைக் கழட்டுங்கோ, பேந்து கதையுங்கோ. துவக்கோ? ஆருக்கு?

நீக்கிலாப்பிள்ளை: மானுக்கு.

றெஜினா: மான் உங்களுக்கு என்ன செய்தது?

ஸ்ரீதரன்: அக்கா, இது சும்மா துவக்கில்லை. இடியன்.

றெஜினா: இடியனோ! கனடாவிலயோ?

நீக்கிலாப்பிள்ளை: ஓம். குழல் வாயுக்குள்ள கரிமருந்து கொட்டி, ஈயக்குண்டை வைச்சு, கோலால இடிக்கிறது. அதே சாமான்தான். அதுக்கெண்டு மான் வேட்டையில தனியா ஒரு கிழமை விட்டிருக்கிறாங்கள். வாற சனி துடங்குது.

ஸ்ரீதரன்: எங்களோட வேலை செய்யிற ஜில் கூட்டிக்கொண்டு போறான். அவனிட்டை ரெண்டு கிடக்கு.

றெஜினா: நீரும் மான் சுடப் போறீரோ, ஸ்ரீ?

ஸ்ரீதரன்: ஐயோ, நான் மச்சம் மாமிசம் தொடாத ஆள். தேத்தண்ணிப் போத்தல் தூக்கப் போறன்.

நீக்கிலாப்பிள்ளை: லைசென்ஸ் எடுக்கவேணும். அதுக்கு இந்தப் பேப்பரில... நீர் ஒரு கையெழுத்துப் போடவேணும்.

றெஜினா: நீரோ?

நீக்கிலாப்பிள்ளை: ஏன்?

றெஜினா: முந்தி நீ எண்டெல்லே கதைக்கிறனீங்கள்.

நீக்கிலாப்பிள்ளை: ...பதினாலு மாசம்.

றெஜினா: தூரப் போனா மரியாதை கூடுமாக்கும்.

ஸ்ரீதரன்: அக்கா, சட்டம் அப்பிடி. கடைசி ரெண்டு வருசத்துக்குள்ள கூட இருந்த ஆள் கையெழுத்து வைக்கவேணும். அவரிட்டைத் துவக்கைக் குடுத்தா உங்களுக்குப் பயமில்லை எண்டு.

றெஜினா: நல்ல சட்டம். இந்தச் சட்டம் ரீவிக்கும் இருந்திருக்கலாம்.

ஸ்ரீதரன்: என்ன ரீவி?

றெஜினா: உமக்குச் சொல்லேல்லையோ? பதினாலு மாசம் ஒரே வீட்டில என்னதான் கதைச்சனீங்கள்?

ஸ்ரீதரன்: ஹொக்கி.

றெஜினா: இரவு வேலை முடிஞ்சு வந்து படுத்திருந்தவர். நான் பகல் ரீவி போட்டனான். சத்தமாம். எழும்பி வந்து தூக்கிச் சுவரோட அடிச்சவர். பாரும், அந்தப் படத்துக்குப் பின்னால இப்பவும் ஓட்டை கிடக்கு.

ஸ்ரீதரன்: மாதா படத்துக்குப் பின்னாலயோ?

றெஜினா: பெரிய ஓட்டை. வேற படம் மூடக் காணேல்லை.

நீக்கிலாப்பிள்ளை: நான் அதை வந்து பூசித் தாறன்.

றெஜினா: பூசலாம், பூசலாம். எத்தினை நாள் வேட்டைக் கோர்ஸ் படிச்சனீங்கள்?

நீக்கிலாப்பிள்ளை: மாசியில, ரெண்டு நாள். எல்லாம் பிரெஞ்சில.

றெஜினா: பாஸோ?

ஸ்ரீதரன்: நூறுக்குத் தொண்ணூற்றி நாலு, அக்கா!

றெஜினா: அப்ப நான் கேக்கிறன். மருந்து போட்டாச்சு. பிறகு?

நீக்கிலாப்பிள்ளை: எண்ணை பூசின துணித்துண்டு. அதில குண்டைச் சுத்தி...

றெஜினா: தேங்காய்த் தும்பு அடைக்கிறேல்லையோ?

நீக்கிலாப்பிள்ளை: இஞ்ச ஏது தும்பு?

றெஜினா: ஊரில, முருங்கனில, எங்கட அப்பு காட்டுப் பண்டிக்கு இடிக்கேக்க தும்பு உருட்டிக் குடுக்கிறது நான்தான். துணியெண்டா எப்பிடி இறுகும்... சரி, விடுங்கோ. ஒருத்தன் துவக்கைக் கொண்டுவந்து கையில தாறான். உள்ள மருந்து இருக்கோ இல்லையோ எண்டு என்னெண்டு கண்டுபிடிப்பியள்?

நீக்கிலாப்பிள்ளை: கோலை உள்ள விடுறது. கோலில ஒரு கோடு கீறியிருக்கு. கோடு குழல் வாயோட நிண்டா வெறும் குழல். நாலு விரல் மேல நிண்டா நிரப்பிக் கிடக்கு.

றெஜினா: உங்களுக்கும் அப்பிடி ஒரு கோல் இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்.

ஸ்ரீதரன்: ஹ ஹா...

நீக்கிலாப்பிள்ளை: டேய்.

ஸ்ரீதரன்: இல்லை அண்ணை, இருமினனான்.

றெஜினா: ஜில்லிட்டை நாலைஞ்சு தரம் படபடவெண்டு வெடிக்கிற துவக்கு இல்லையோ? ஏன் இடியன்?

நீக்கிலாப்பிள்ளை: இருக்கு. எனக்கு வேண்டாமெண்டனான். இது ஒரு வெடிதான். விட்டா விட்டதுதான். திருப்பி நிரப்ப எனக்கு ஒரு நிமிசம் பிடிக்கும். புகை வேற, ஒண்டும் தெரியாது. அந்த நிமிசம் சும்மா நிண்டு யோசிக்கவேண்டியதுதான்.

றெஜினா: என்னத்தை யோசிப்பியள்?

நீக்கிலாப்பிள்ளை: ...சுட்டது சரியோ எண்டு.

றெஜினா: ம்.

ஸ்ரீதரன்: அக்கா, பேனை இந்தாங்கோ.

றெஜினா: பொறும். இதில மானுக்குக் குண்டு வைக்கப் போறம் எண்டு எழுதினது ஆர்?

ஸ்ரீதரன்: அது... நான்தான். அண்ணை 'வெடி வைக்கப் போறன்' எண்டு எழுதச் சொன்னார். வெடிக்கு பிரெஞ்சு அகராதியைப் பாத்தனான். 'பொம்ப்' எண்டு கிடந்தது.

றெஜினா: ரெண்டு சிலோன் தமிழர், துவக்கு லைசென்சுக்கு எழுதின பேப்பரில பொம்ப்! உங்களை விமான நிலையத்தில இன்னும் வேலைக்கு வைச்சிருக்கிறாங்களே!

ஸ்ரீதரன்: எனக்குப் பேந்துதான் விளங்கினது... அக்கா, ஒண்டு கேக்கட்டோ? அது மூண்டாம் பக்கத்திலயெல்லோ. நீங்கள் இன்னும் முதல் பக்கமே திருப்பேல்லை.

றெஜினா: நீர் எழுதினா இப்பிடித்தான் வருமெண்டு தெரியாதோ? பேனையைத் தாரும். இது போட்டோக்கொப்பியெல்லே?

நீக்கிலாப்பிள்ளை: கொப்பி போதுமாம்.

றெஜினா: ஆர் சொன்னது?

நீக்கிலாப்பிள்ளை: ...லைசென்ஸ் குடுக்கிற கந்தோரில.

றெஜினா: கந்தோரில. சரி. நான் போடாட்டி?

நீக்கிலாப்பிள்ளை: போகமாட்டன்.

றெஜினா: ஜில் பாவம். காத்துக்கொண்டு நிப்பான்.

நீக்கிலாப்பிள்ளை: நீ வேண்டாமெண்டா நான் போகமாட்டன், றெஜினா. அவ்வளவுதான்.

றெஜினா: அண்டைக்கு நான் போ எண்டனான். போனீங்கள்.

நீக்கிலாப்பிள்ளை: போ எண்டா போறதுதானே.

றெஜினா: கதவடியில ஒரு நிமிசம் நிண்டிருக்கலாம். இடியன்காரர் மாதிரி.

நீக்கிலாப்பிள்ளை: ...நிண்டனான். கீழ, பஸ் தரிப்பில. நாலு பஸ் விட்டனான்.

றெஜினா: தெரியும். யன்னலால பாத்தனான்.

ஸ்ரீதரன்: நான் வேணுமெண்டா கீழ தெப்பனர் கடைக்குப் போய் ஒரு...

றெஜினா: இரும். ரெண்டு பெட்டி கிடக்கு. எது எது?

ஸ்ரீதரன்: இடப்பக்கம் 'இப்ப துணை'. வலப்பக்கம் 'முன்னாள் துணை'. ஒண்டில புள்ளடி போடவேணும். அண்ணை இதை வெறுமையா விட்டிட்டார்.

றெஜினா: ஏன் விட்டனீங்கள்?

நீக்கிலாப்பிள்ளை: அது நான் போடுற புள்ளடி இல்லை.

றெஜினா: துவக்கு இந்த வீட்டுக்க வராது.

நீக்கிலாப்பிள்ளை: ஜில்லின்ர அலுமாரியில, பூட்டுக்க. இஞ்ச வராது.

றெஜினா: மான் வரலாம். ஆனா உரிச்சு, வெட்டி வரவேணும். கண்ணோட ஒண்டும் என்ர குசினிக்க வரக்கூடாது.

நீக்கிலாப்பிள்ளை: ஓம்.

றெஜினா: பகல் நித்திரை, அறைக் கதவைச் சாத்திப்போட்டு. எனக்கு ரீவி வேணும்.

நீக்கிலாப்பிள்ளை: ஓம்... என்ன? பகல் நித்திரையோ?

றெஜினா: இந்தாரும் ஸ்ரீ, புள்ளடி. கையெழுத்தும் கிடக்கு.

ஸ்ரீதரன்: இது... இடப்பக்கமெல்லே! அண்ணை, இடப்பக்கம்!

றெஜினா: கத்தாதையும், கீழ்வீட்டுக்காரி தும்புத்தடியால தட்டுவாள். நீர் இனி வீட்டை போம். பேஸ்மென்டில கிடக்கிற இவற்ற உடுப்புகளை நாளைக்குக் கொண்டுவாரும்.

ஸ்ரீதரன்: அண்ணை, அப்ப... பேப்பர்? தபாலில போடவோ?

நீக்கிலாப்பிள்ளை: வைச்சிட்டுப் போ. நான் பாக்கிறன்.

ஸ்ரீதரன்: சனி காலமை நாலு மணிக்கு ஜில் வருவான். இந்த விலாசத்துக்கு வரச் சொல்லட்டோ?

றெஜினா: சொல்லும். ஹோர்ன் அடிக்கவேண்டாமெண்டும் சொல்லும். போட்டு வாரும்... இஞ்சருங்கோ, கதவைச் சாத்துங்கோ. ரெண்டு பூட்டும்.

நீக்கிலாப்பிள்ளை: பூட்டியாச்சு.

றெஜினா: சங்கிலி?

நீக்கிலாப்பிள்ளை: அதுவும் போட்டாச்சு. றெஜினா... உனக்கொண்டு சொல்லவேணும். அந்தப் பேப்பர்...

றெஜினா: சட்டைப் பையில கிடக்கிற அட்டையை எடுத்து மேசையில வையுங்கோ. லைசென்ஸ் அட்டை. அது வந்தபிறகுதானே இந்தக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்தனீங்கள். ரெண்டு கிழமைக்கு முதல் கந்தோரிலயிருந்து ஒரு பொம்பிளை எனக்குப் போன் எடுத்தவ. பொம்ப் எண்டா என்னெண்டு கேட்டவ. எங்கட பாசையில சுடுறதைத்தான் வெடி வைக்கிறது எண்டுறது எண்டு விளங்கப்படுத்தினனான். பயமோ எண்டு கேட்டவ. ரீவியை உடைச்சவர், என்னைத் தொடேல்லை, துவக்கு வீட்டுக்கு வராது எண்டனான். நீங்கள் இஞ்ச திரும்பி வரப்போறியள் எண்டு எனக்கு அப்பவே தெரியும். 'அப்ப உன்ர சொல்லே போதும், கையெழுத்து வேண்டாம், அவருக்கு அட்டையை அனுப்பிறம்' எண்டவ அந்தப் பொம்பிளை. பிறகு, ஏன் பிரிஞ்சது எண்ட இடத்தில நீங்கள் உங்கட கையால எழுதினதை பிரெஞ்சில வாசிச்சவ... 'பிழை என்னில' எண்டு. அதை இப்ப தமிழில சொல்லுங்கோ. கதவு பூட்டித்தானே கிடக்கு, ஆரும் கேக்காயினம்.