முப்பத்து மூன்றாவது சீட்டு

கோப்பை யாருக்கு என்று கேட்காமல் என்னிடம் யாரும் பேச்சை ஆரம்பிப்பதில்லை. முடி வெட்டுகிறவர் கேட்பார். பல் டாக்டர் என் வாய்க்குள் கருவியை வைத்துக்கொண்டே கேட்பார். நீங்களும் கேட்டீர்கள், எனக்கு டீ சொல்லிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்த பிறகு. விசாரணை அதிகாரி என்றால் ஆசை இருக்கக் கூடாதா என்ன. நீலச் சட்டைக்காரர்கள் என்று சொன்னேன். இது வாக்குமூலத்தில் வராது, பயப்படாதீர்கள் என்று சிரித்தீர்கள். வரும் சார். என் வாக்குமூலத்தில் பாதி அதைப் பற்றியதுதான்.

உலகக் கால்பந்துப் போட்டி நான்கு வருடத்துக்கு ஒருமுறை வரும். அது தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எங்கள் பத்திரிகையின் நடுப்பக்கம் முழுக்க என்னுடையது. முப்பத்திரண்டு அணிகள், ஒவ்வொன்றின் பலம், பலவீனம், கடைசியில் வெல்லப்போவது யார். இதுவரை நான்கு போட்டிகள், நான்கிலும் நான் சொன்ன அணிதான் கோப்பையைத் தூக்கியது. அலுவலகத்தில் எனக்கு ஜோசியர் என்று பெயர். பிழை திருத்துகிறவர் வைத்தார், கேலிக்குத்தான். மூன்றாவது போட்டிக்குப் பிறகு ஆசிரியரே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார், அதில் கேலி இல்லை.

அந்த நடுப்பக்கத்தில் என் கணிப்பு என்று ஒரு வரிகூடக் கிடையாது. எல்லாம் என் மனைவியுடையது.

அவள் துணி தைக்கிறவள். வீட்டின் முன்னறையில் இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேஜை, ஒரு நீளக் கண்ணாடி. பள்ளிச் சீருடை, ஆஸ்பத்திரி ஊழியர் சீருடை என்று மொத்தமாகத் தைத்துக் கொடுப்பாள். கால்பந்து பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. பதினாறு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் நான் ஒரு பயிற்சி ஆட்டத்தைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அந்த ஒன்பதாம் நம்பருக்கு இடது இடுப்புல என்னமோ இருக்குங்க. டிராயர் ஒரு பக்கமா ஏறுது பாருங்க."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நல்ல துணி, நல்ல தையல், ஓடினால் ஏறி இறங்கத்தானே செய்யும் என்றேன். நாலு நாள் கழித்து அந்த ஒன்பதாம் நம்பர் இடுப்புக் காயத்தால் விலகினான் என்று செய்தி வந்தது. அன்றைக்கே ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, இதை எப்படி முன்கூட்டியே எழுதினாய் என்று கேட்டார். ஆமாம், எழுதியிருந்தேன். வீட்டில் பேசியதை எழுதக் கூடாது என்று சட்டம் இல்லையே.

அதன் பிறகு அது எங்கள் வழக்கமாகிவிட்டது. போட்டிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது நான் எல்லா அணிகளின் ஆட்டங்களையும் சேகரித்துக்கொண்டு வருவேன். காலையில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, டிவியின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு அவள் பார்ப்பாள். பந்தைப் பார்க்க மாட்டாள். சட்டை தோளில் எப்படி நிற்கிறது, திரும்பும்போது எந்தப் பக்கம் சுருக்கம் விழுகிறது, எந்தக் காலை ஊன்றி எழுந்திருக்கிறான், இதுதான் கணக்கு. அளவுச் சீட்டுகளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுவாள், ஓர் அணிக்கு ஒரு சீட்டு. அணிகளின் பெயர் அவளுக்கு நிற்காது. மஞ்சள் சட்டை, பச்சைக் கோடு, காலர் சரியில்லாதவங்க, இப்படித்தான். ஒவ்வொரு சீட்டின் அடியிலும் ஒரு சொல் இருக்கும். 'நம்பலாம்' அல்லது 'நம்ப முடியாது'.

ஒருமுறை கேட்டேன், இவ்வளவு தெரிந்தும் அந்த வீரர்கள் பேட்டியில் பேசுவதை ஏன் கேட்க மாட்டேன் என்கிறாய் என்று.

"ஒளிக்கிறவங்ககிட்ட கேட்டா இன்னும் நல்லா ஒளிப்பாங்க. பேசாம பாத்துட்டு இருந்தா போதும், உடம்பே சொல்லிடும்," என்றாள்.

பத்திரிகையில் என் பெயர்தான் வரும். அவள் அதைக் கத்தரித்து ஃபைலில் வைப்பாள். "பேரை நல்லா தடிமனா போட்டிருக்காங்க," என்று சொல்வாள். அதில் குத்தல் இருந்ததா என்று இப்போது யோசிக்கிறேன். இருந்திருக்காது. எங்களுக்குக் குழந்தை இல்லை. ஒரே வீட்டில் இருக்கிற இரண்டு பேரில் யார் பெயர் வந்தால் என்ன.

இனி நீங்கள் கேட்ட கடிதத்துக்கு வருகிறேன்.

இந்த வருடம் சீட்டு எழுதத் தொடங்கும் முன்பே அவளுக்கு வலது கண்ணுக்குப் பின்னால் வலி இருந்தது. ஊசியில் நூல் கோர்க்க என்னைக் கூப்பிட்டாள். முப்பது வருடத்தில் அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. வலது இமை கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப் போனேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு கடிதமாக வீட்டுக்கு வந்தபோது அவள் வெட்டு மேஜையில் குனிந்திருந்தாள், வாசலில் நான் வாங்கினேன். மூளையில் ஒரு ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறது, உடனே சேர்க்க வேண்டும், தாமதம் உயிருக்கு ஆபத்து என்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் டாக்டரே என் நம்பருக்குப் பேசினார்.

"இன்னைக்கே கூட்டிட்டு வந்துடுங்க சார். ஆபரேஷன் பண்ணிட்டா பிழைச்சுக்குவாங்க. ரெண்டு மாசம் டிவி, தையல் எதுவும் கூடாது. வலது கண்ணு பார்வை திரும்ப வரலாம், வராமலும் போகலாம்."

கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். டாக்டர்களுக்கு எதை எப்போது சொல்வது என்று தெரிவதில்லை.

அன்று இருபத்து நான்கு சீட்டுகள் முடிந்திருந்தன. எட்டு பாக்கி. அந்த எட்டும்தான் எல்லோரும் கோப்பை வெல்லும் என்று சொல்கிற அணிகள். பெரிய இடத்துக்காரர்கள் நன்றாக ஒளிப்பார்கள், நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று அவற்றை எப்போதும் கடைசிக்குத்தான் வைப்பாள். ஒன்றுக்கு இரண்டு நாள். பதினாறு நாள். நான் கேட்டது அவ்வளவுதான், பதினாறு நாள். அந்த வீக்கம் எத்தனை மாதமாக அங்கே இருந்ததோ, யாருக்குத் தெரியும். இன்னும் பதினாறு நாள் இருந்தால் என்ன என்று நினைத்தேன். உங்கள் முகம் மாறுகிறது. அன்றைக்கு என் இடத்தில் இருந்து பார்த்தால் அது அப்படியொன்றும் தப்பான கணக்காகத் தெரியவில்லை.

உள்ளே போய், "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையாம். கண்ணாடி மாத்தினா போதுமாம்," என்றேன்.

"அப்படியா, நல்லது," என்றாள்.

கடிதத்தை வீட்டில் வைக்க முடியாது. அலமாரி, பெட்டி, மெத்தைக்கு அடி, எல்லாம் அவள் கை படுகிற இடம். அதனால் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். தினமும் குளித்துவிட்டு வந்ததும் முதல் வேலை, பழைய சட்டையிலிருந்து புதுச் சட்டைக்கு அதை மாற்றுவது. கிழித்துப் போட்டிருக்கலாம். போடவில்லை. எப்படியும் கொடுக்கத்தான் போகிறேன் என்பதற்கு அதுவே சாட்சி இல்லையா. ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று முறை பேசினார்கள். ஊருக்குப் போயிருக்கிறாள், வந்ததும் கூட்டி வருகிறேன் என்றேன். நான்காவது முறை எடுக்கவில்லை.

ஒன்பதாவது நாள் அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"இன்னைக்கு வேண்டாங்க. கண்ணுக்குள்ள யாரோ உக்காந்து தைக்கிற மாதிரி இருக்கு."

"இன்னும் நாலே டீம்தாம்மா. முடிச்சிட்டா நிம்மதியா படுத்துக்கலாம்."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். முகத்தை அல்ல, சட்டையை. நான் காபி சிந்தியிருக்கிறேனோ என்று குனிந்து பார்த்துக்கொண்டேன். பிறகு அவள், "சரி, போடுங்க," என்றாள். வலி மாத்திரை இரண்டு கொடுத்தேன். மறுநாளிலிருந்து மூன்று.

இடையில் ஒருநாள் அவளுடைய தங்கை வந்தாள். என் மேல் புகார் கொடுத்திருப்பவள் அவள்தான், கொடுக்க வேண்டியதுதான், எனக்கு அவள் மேல் வருத்தம் இல்லை. வந்ததும் வராததுமாக, "அக்கா கண்ணு ஏன் இப்படி சொருகிக் கிடக்கு? ஸ்கேன் ரிப்போர்ட் என்ன ஆச்சு மாமா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "மாமாதான் பாத்துக்கறாரில்ல, விடு," என்றாள். எனக்கு அப்போது அவள் மேல் அப்படி ஒரு அன்பு பொங்கியது. குளியலறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன்.

பதினான்காம் நாள் மஞ்சள் சட்டைக்காரர்களை முடித்தாள். எல்லாப் பத்திரிகைகளும் அவர்களுக்குத்தான் கோப்பை என்று எழுதியிருந்தன. அவள் உதட்டைப் பிதுக்கினாள். தலைவனுக்கு வலது தோள் போயிருக்கிறது, உள்ளே கட்டுப் போட்டிருக்கிறான், கூட இருக்கிறவர்களுக்கும் தெரியும், எல்லோரும் சேர்ந்து ஒளிக்கிறார்கள் என்றாள். நம்ப முடியாது. பதினாறாம் நாள் நீலச் சட்டைக்காரர்கள். எட்டில் எட்டாவதாக எண்ணப்பட்டவர்கள் அவர்கள். ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு இரண்டு ஆட்டம் முழுக்கப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் நான் கடைசியாகப் பார்த்த சிரிப்பு அதுதான்.

"இவங்கள்ல ஒருத்தருமே எதையும் ஒளிக்கலீங்க. வலிச்சா வலிக்குதுன்னு உக்காந்துடறான். இன்னொருத்தன் வந்து தூக்கி விடறான். இவங்கதான் கடைசி வரைக்கும் நிப்பாங்க."

அதை அப்படியே தலைப்பாக்கினேன். வெள்ளிக்கிழமை எழுதிக் கொடுத்தேன். சனிக்கிழமை ஆசிரியர் பேசினார். கட்டுரை பிரமாதம், போட்டி நடக்கிற முப்பது நாளும் தினம் ஒரு கணிப்பு வேண்டும் ஜோசியரே, முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். அந்தப் பேச்சை ஏன் வாக்குமூலத்தில் சேர்க்க வேண்டும் என்கிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. அது வேலை விஷயம். கடிதத்தைத் திங்கட்கிழமை கொடுப்பதாக நான் முடிவு செய்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நடுப்பக்கம் வந்தது. அவள் கத்தரியை எடுத்து வெட்டினாள், கோணலாகப் போயிற்று. நான் குளிக்கப் போனேன். வந்து பார்த்தபோது மெஷின் மேல் தலை சாய்த்திருந்தாள். என் பழைய சட்டை அவள் மடியில் இருந்தது. கடிதம் பைக்குள்ளேயே இருந்தது சார். பைப் பொத்தான் போட்டபடி இருந்தது, மடிப்பு நான் மடித்த மடிப்பு. அவள் அதை எடுக்கவில்லை. பொத்தானின் மேல் விரலை மட்டும் வைத்திருந்தாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் கை சில்லிட்டுவிட்டது.

அவள் மேல் எனக்கு உயிர். இதை நீங்கள் நம்ப வேண்டும் என்று இல்லை. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஆட்டத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன், தினக் கணிப்பு எழுத வேண்டுமே. சட்டைகளையே பார்த்தேன். சட்டை சட்டையாகத்தான் தெரிந்தது. பக்கத்து நாற்காலியைப் பார்த்து, என்னம்மா தெரியுது என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். எழுதிய இருபத்து மூன்று கணிப்பில் பதினெட்டு தப்பு. ஜோசியருக்கு என்ன ஆச்சு என்று வாசகர்கள் கேட்கிறார்கள். நீலச் சட்டைக்காரர்கள் மட்டும் அரையிறுதிக்கு வந்துவிட்டார்கள். அது அவள் எழுதியது.

ஆகவே, ஆமாம். கடிதத்தை மறைத்தேன். பொய் சொன்னேன். சேர்த்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஆனால் நீங்கள் சற்று முன் மேஜை மேல் வைத்தீர்களே, அவள் தங்கை தையல் மெஷின் இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்த சீட்டு, அதையும் வாக்குமூலத்தோடு இணைக்க வேண்டும். முப்பத்திரண்டுக்கு மேல் ஒன்று இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவள் கையெழுத்துதான். கடிதம் வந்த மறுநாள் தேதி போட்டிருக்கிறாள். அணியின் பெயர் வருகிற இடத்தில் 'இவர்' என்று இருக்கிறது. சட்டைப் பை ஒரு விரல்கடை இறங்கியிருக்கிறது, மடித்த காகிதம், அடிக்கடி கை அங்கே போகிறது. ஆஸ்பத்திரிக் காகிதம். கேட்கக் கூடாது, தானே சொல்வார். அடியில் வழக்கமான அந்த ஒரு சொல்: நம்பலாம்.

பார்த்தீர்களா. திங்கட்கிழமை நான் கட்டாயம் சொல்லியிருப்பேன். அவள் கணிப்பு ஒருமுறைகூடத் தவறியதில்லை சார்.