இடப்பக்கத்து டயர்

— அந்தப் பேப்பரை விரிச்சிட்டு வையுங்கோ மஷூர், தரை கறுத்துப்போகும். என்ன இது, ஆட்டோ டயரோ?

— இல்ல ஜெகாக்கா, பிளேன் டயர். சேர் ஓட்டுற பிளேன்ட. பாத்து, பாத்து. டயர்ல அட்டை கட்டின கம்பிய வெட்டினேன், துண்டொண்டு தெறிச்சிட்டு. வெறுங்காலோட நடக்காதீங்க.

— எங்கால போனது? சோபாவுக்குக் கீழையோ?

— விடும் ஜெகா, பேந்து கூட்டலாம். மஷூர், இதை ரத்மலானை ஏர்போட்டிலயே காட்டியிருக்கலாம். வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்து மூண்டு மாடி தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறீர்.

— அங்க நாலு பேர் நிக்கிற இடம், வரதராசா சேர். இத உக்காந்து பேசணும்.

— என்ன பேச இருக்கு. தேஞ்சா மாத்துறது.

— எங்க தேஞ்சீக்கிது எண்டு பாருங்க. சுத்திவர பள்ளம் நல்ல ஆழமா ஈக்குது. இந்த ஒரு இடம் மட்டும், உள்ளங்கையளவு, உள்ள நூல் தெரிய வழிச்செடுத்த மாதிரி.

— நூல் தெரிஞ்சா மாத்தத்தானே வேணும். நீர் எஞ்சினியர், உமக்கு நான் சொல்லவேணுமோ.

— மாத்துறது கேள்வி இல்ல. இது பெருநாளுக்குப் பொறகு போட்ட டயர். அதுக்கு முந்தினதும் இப்புடித்தான் போச்சு. ரெண்டும் இடது பக்கம். வலது பக்கத்து டயர் அதுகளுக்கெல்லாம் மூத்தது, அது இன்னும் ஒரு வருஷம் ஓடும்.

— மலிவுச் சாமான். ரீட்ரெட் வேண்டாமெண்டு அப்பவே சொன்னனான்.

— ரீட்ரெட் எண்டா?

— பழைய டயருக்கு மேல புது ரப்பர் ஒட்டுறது, அக்கா. அது முந்தினது. இது புத்தம்புதுசு. டியூபும் புதுசு.

— அப்ப பிரேக் இறுகி நிக்குது.

— ரெண்டு தரம் கழட்டிப் பாத்தேன் சேர். ஒண்டுமில்ல. கையால தள்ளினா சில்லு சும்மா சுத்துது.

— அப்ப நிம்றா. உம்மட தங்கச்சியின்ர பிள்ளையெண்டு நான் வாய் திறக்காமல் இருந்தனான். இறங்கேக்க பிரேக்கில காலை வைக்கிறவள். சில்லு சுத்தாமல் இழுபடும். இழுபட்ட இடம் தேயும்.

— நிம்றா இந்த டயர்ல ஒரு நாளும் இறங்கல்ல. பெருநாளுக்கு கண்டிக்குப் போன புள்ள, காய்ச்சலோட அங்கேயே நிண்டுட்டா. சனிக்கிழமதான் திரும்ப உங்ககிட்ட பிளேன் ஓட்டப் படிக்க வாறா. இதுல இறங்கினது நீங்க ஒராள் மட்டும்தான் சேர்.

— பிரேக் எங்க இருக்கிறது, மஷூர்?

— காலடியில, அக்கா. ரெண்டு பெடல். குதிய தரையில வச்சுத் தள்ளினா பிளேன் திரும்பும். பாதம் மேல ஏறி விரலால அமத்தினாத்தான் பிரேக். இடது காலுக்கு இடது சில்லு, வலது காலுக்கு வலது.

— இஞ்சாருங்கோ.

— என்ன.

— போன வெள்ளி கோயிலாலை வரேக்க ஒரு செருப்போடை வந்தனீங்கள்.

— யோசினையில வந்தனான்.

— தார் றோட்டு முழுக்க. மத்தியான வெயிலுக்குள்ள. இடது கால் வெறுங்கால்.

— இப்ப டயரைப் பற்றிக் கதைக்கிறம், ஜெகா. செருப்பைப் பற்றி இல்லை.

— லைசன்ஸ் மெடிக்கலுக்குப் போகேக்க கால் விறைக்குதெண்டு சொன்னனீங்களோ?

— அவையள் கேக்கேல்லை. கண் பாத்தினம், பிரஷர் பாத்தினம். சுகருக்குக் குளுசை போடுறன், அளவா இருக்குதாம். இருந்தெழும்பினா ஆருக்கும்தான் கால் விறைக்கும்.

— எனக்கு விறைக்கிறேல்லை.

— நீர் பிளேன் ஓட்டுறேல்லை. மஷூர், இனி ரீட்ரெட்டும் வேண்டாம், மலிவும் வேண்டாம். நல்ல கம்பனிச் சாமான், ஆறு அடுக்கு, டியூபோட. சனிக்கிழமைக்குள்ள கிடைக்குமோ?

— மருதானையில பலீல் நானாட கடையில ஒண்டு ஈக்குது. வாங்குறது பெரிய விசயமில்ல சேர். ஆறு அடுக்குப் போட்டா நூல் தெரிய இன்னும் கொஞ்ச நாள் எடுக்கும், அவ்வளவுதான். அதப் பூட்டிட்டு, பறக்கலாம் எண்டு கையெழுத்து வக்கிறது நான். பக்கத்து சீட்ல ஈக்கப்போறது எங்கட வீட்டுப் புள்ள.

— அப்ப என்னைப் பறக்கிறதை விடச் சொல்றீர்.

— ஒரு டொக்டர்ட்ட கால காட்டுங்க எண்டு சொல்றேன்.

— காட்டினா ஒரு சொல்லுத்தான், லைசன்ஸ் போச்சு. பேந்து என்ர பிளேனை ஆரோ ஓட்ட, நான் வேலிக்கு இஞ்சால நிண்டு பாக்கிறது.

— கவலையாத்தான் ஈக்கும் சேர்.

— இல்லை. அதுதான் சொல்ல வந்தனான். நீர் டயரோடை படியேறி வரேக்கையே விளங்கீட்டுது. ஒண்டும் தோன்றேல்லை. ஆரோ ஒராளைப் பற்றிக் கதைக்கிற மாதிரிக் கிடக்கு.

— ஆற விடாதேங்கோ, தேத்தண்ணியைக் குடியுங்கோ ரெண்டு பேரும்.

— சேர், நிம்றாவுக்கு நான் என்ன சொல்ற? சனிக்கிழம வரச் சொல்றதா, வேணாங்கிறதா?

— வரச் சொல்லும். உமக்குப் பயமெண்டா இப்பவே பாரும். இந்தச் சோபா சீட் எண்டு வையும். கிட்ட வாரும், குனிஞ்சு பாரும். இறங்கிறன். குதி ரெண்டும் தரையில. வலது, இடது, வலது. நல்லா ஊண்டித்தான் வச்சிருக்கிறன். விரல் எங்கையாவது மேல போகுதோ?

— சேர், கொஞ்சம் நில்லுங்க.

— பாத்துச் சொல்லும். வலது, இடது. இவ்வளவு வருசமும் இப்பிடித்தான் இறங்கினனான். இடது.

— இஞ்சாருங்கோ, மிதியாதேங்கோ. அந்தக் கம்பி காலுக்குள்ள ஏறி நிக்குது. தரையெல்லாம் ரத்தம்.

— எந்தக் கால்?