‘மற்றவை’ துறைக்குப் போன வாழ்த்துக் கடிதம்

இந்த அவைக்குத் தலைமையேற்று, தாமதமாக வந்தாலும் தளராத புன்னகையோடு வந்தமர்ந்திருக்கும் மாண்புமிகு துணைவேந்தர் அவர்களே! அவருக்கு வலப்புறம் கோப்போடும் கைக்கடிகாரத்தோடும் வீற்றிருக்கும் பதிவாளர் அவர்களே! என்னைப் பேச அழைத்துவிட்டு, அழைத்த நொடியிலிருந்து கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருக்கும் எங்கள் இயக்குநர் அவர்களே! கற்றும் கற்பித்தும் நரைத்த பேராசிரியப் பெரியோர்களே! பிள்ளைகள் மேடையேறிப் பரிசு வாங்குவதைப் பார்க்க வேலையையும் விட்டுவிட்டு வந்து காத்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நின்றாலும் சோர்வே காட்டாத மாணவச் செல்வங்களே! காலையிலிருந்து இந்த ஒலிபெருக்கியைத் தட்டித் தட்டி உயிர்கொடுத்த மின்பணியாளர் அண்ணன் அவர்களே! உங்கள் அத்தனை பேருக்கும் என் வணக்கம்.

நான் இந்தப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மதிப்பீடு, தரவுச் சேவைக் குழுவில் சரிபார்ப்பு அலுவலர். அப்படியென்றால் என்ன வேலை என்று முன்வரிசையில் ஒரு தாய் பக்கத்து அம்மாவிடம் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி அம்மா! இங்கே பேராசிரியர்கள் ஆராய்கிறார்கள், ஆராய்ந்ததை எழுதுகிறார்கள், எழுதியதை உலகம் எடுத்தாள்கிறது. யார் எத்தனை எழுதினார்கள், எத்தனை பேர் எடுத்தாண்டார்கள் என்று எண்ணுவது நாங்கள். எண்ணி, எடைபோட்டு, துறைகளை வரிசைப்படுத்துவதும் நாங்கள். சுருக்கமாகச் சொன்னால், உங்கள் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போடுகிறவர்களுக்கே மதிப்பெண் போடுகிற வேலை!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரியுங்கள். கொஞ்ச நேரம்தான் சிரிக்க முடியும்.

இன்று வெளியாகும் எங்கள் குழுவின் செய்திமடலில், மூன்றாம் பக்கத்தில், மூன்று மகிழ்ச்சிச் செய்திகள் இருக்கின்றன. தரவரிசை அறிக்கை குறித்த நாளுக்கு முன்பே முடிந்தது, ஒன்று. புதிய மென்பொருள் வந்தது, இரண்டு. எங்கள் குழுவுக்குப் புதிய அறை ஒதுக்கப்பட்டது, மூன்று. இந்த மூன்றையும் ஐந்து நிமிடத்தில் சொல்லி, நன்றி கூறி இறங்க வேண்டும் என்பது எனக்கு இடப்பட்ட பணி. என் வீட்டுக்காரர்கூடக் காலையில் கிளம்பும்போது சொன்னார்: “இங்க பாரு, உன் வாய் சும்மா இருக்காது. நன்றி சொல்லிட்டு எறங்கிடு. வீட்டுல வந்து எவ்வளவு வேணும்னாலும் திட்டிக்கோ, நான் கேட்டுக்கறேன்.” பாவம், நல்ல மனிதர். ஆனால் அவரைத் திட்டி என்ன பயன்? அவரா அறிக்கை எழுதினார்?

மூன்றாவது செய்தியிலிருந்தே தொடங்குகிறேன். புதிய அறை!

போன திங்கட்கிழமை, அந்த அறையை அளந்து வர என்னை அனுப்பினார்கள். தச்சரையும் அழைத்துக்கொண்டு போனேன். மேசை எங்கே, அலமாரி எங்கே, குளிர்சாதனப் பெட்டி எங்கே என்று வழியெல்லாம் அவரோடு பேசிக்கொண்டே போனேன். பணிமனைக்குப் பின்னால், சைக்கிள் கொட்டகையைத் தாண்டி, தகரக் கதவு போட்ட நீளமான அறை. காலியாக இருக்கும் என்றார்கள். கதவைத் தள்ளினேன். காலியாகவா இருந்தது?

தரையிலிருந்து தலைக்குமேல் வரை பாட்டில்கள்! ஒவ்வொன்றிலும் தண்ணீர், ஒவ்வொன்றின் கழுத்திலும் சீட்டு. கிணற்றின் பெயர், தெருவின் பெயர், எடுத்த நாள். நடுவில் ஒரு பெண்மணி, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, அட்டைப்பெட்டியில் கண்ணாடிக் குழாய்களைச் செய்தித்தாளில் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தார். மாணவர்கள் பாட்டிலம்மா என்பார்களே, அவர்தான். நீர் ஆய்வகத்தின் பொறுப்பாளர். பத்தொன்பது ஆண்டுகளாக இந்த வட்டாரத்துக் கிணறுகளின் தண்ணீரைச் சோதித்து, குடிக்கலாமா கூடாதா என்று எழுதிக் கொடுக்கிறவர்.

தச்சர் அளவு நாடாவின் ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டார். நான் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: “அளக்க வந்தீங்களா? வாங்க, வாங்க. அந்த மூலையில மட்டும் பாத்து மிதிங்க, ஆசிட் இருக்கு.”

கோபப்படவில்லை. என்னைத் திட்டவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்யச் சொல்லி ஆணை வந்திருக்கிறது என்றார். ஏன் என்று கேட்டேன். ஐந்து ஆண்டுகளில் இந்த ஆய்வகத்திலிருந்து ஒரு கட்டுரைகூட வரவில்லையாம். பூஜ்யம்! பூஜ்யம் வாங்கிய பிரிவை மூட வேண்டும் என்பது விதியாம். “உங்க அறிக்கையிலதாம்மா இருக்கு. பதினாலாம் பக்கம்” என்றார்.

பதினாலாம் பக்கம்! நான் சரிபார்த்த பக்கம்! என் கையெழுத்து இருக்கிற அறிக்கையின் பதினாலாம் பக்கம்!

பதிவாளர் ஐயா சீட்டு அனுப்பியிருக்கிறார். ‘இரண்டு நிமிடம்’ என்று எழுதியிருக்கிறது. பத்தொன்பது ஆண்டு உழைப்பை மூட நமக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை ஐயா. திறக்கக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஒருவர் வந்து நின்றார். வேன் டிரைவர். காக்கிச் சட்டை, கையில் ஒரு கேன் தண்ணீர். நூலகத்துக்குப் பின்புறமுள்ள கிணற்றுத் தெருவில் குடியிருக்கிறவர். உள்ளே வரலாமா வேண்டாமா என்று செருப்பைக் கழற்றியபடியே தயங்கினார். பாட்டிலம்மா, “சோதிக்கறதுக்குப் புதுசா தண்ணி எடுக்கக் கூடாதுன்னு ஆர்டர் வந்திருச்சுப்பா. முத்திரையையும் வாங்கிட்டுப் போயிட்டாங்க” என்றார். அந்த மனிதர் போகவில்லை. கேனைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

“எம்பொண்ணுக்கு எட்டு வயசும்மா. பால் பல்லு விழுந்து புதுசா மொளைச்ச பல்லெல்லாம் பழுப்பா இருக்கு. பல்லு வெளக்காம ஏமாத்துதுன்னு நெனச்சு நான் அடிச்சிட்டேம்மா. ரெண்டு மூணு வாட்டி அடிச்சிட்டேன். ரத்தம் வர்ற வரைக்கும் தேய்ச்சுது அந்தக் குழந்தை. நேத்து பல் டாக்டர் பாத்துட்டு, ‘புள்ள மேல தப்பில்ல, தண்ணிய டெஸ்ட் பண்ணிட்டு வா’ன்னார். எங்க போய்ப் பண்ணுவேன்?”

எங்கே போவார்? சொல்லுங்கள், எங்கே போவார்? தரவரிசையில் முதலிடம் பிடித்த துறைக்குப் போவாரா? எங்கள் புதிய மென்பொருளிடம் போய்த் தண்ணீரைக் காட்டுவாரா?

அளவு நாடாவைத் தச்சர் கையிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பினேன். என் மேசைக்கு வந்து கணினியைத் திறந்தேன். பாட்டிலம்மா கட்டுரையே எழுதவில்லையா? தேடினேன், தோண்டினேன், துருவினேன். அன்பார்ந்தவர்களே, கிடைத்தது. ஐந்தாண்டுகளில் முப்பத்தொரு கட்டுரைகள்! பிற பல்கலைக்கழகங்கள் தேடித் தேடி எடுத்தாண்ட முப்பத்தொரு கட்டுரைகள்!

பின் எப்படிப் பூஜ்யம் வந்தது? கேளுங்கள், இந்தக் கூத்தை. எங்கள் கணக்கில் ஒவ்வொரு துறைக்கும் ஒரு குறியெண் உண்டு. நீர் ஆய்வகம் முன்பு பெரிய கட்டடத்தில் இருந்தது. கூரை ஒழுகியதால் பணிமனைக்குப் பின்னால் மாற்றினார்கள். இடம் மாறியதும் குறியெண்ணும் மாறியது. நாங்கள் என்ன செய்தோம்? புது எண்ணை ஏற்றினோம், பழைய எண்ணை அழித்தோம். பழைய எண்ணில் இருந்த கட்டுரைகள் எல்லாம் அநாதையாயின. இடம் மாறிய பிறகு அவர் எழுதியவற்றையும், பழைய முகவரி இருந்த பாவத்துக்காக, மென்பொருள் அதே வழியில் தள்ளிவிட்டது. எண் இல்லாதவற்றைப் போட்டுவைக்க எங்களிடம் ஒரு பெட்டி இருக்கிறது. அதன் பெயர் ‘மற்றவை’. பல கட்டடங்களிலிருந்து தவறி விழுந்த கட்டுரைகளெல்லாம் அந்தப் பெட்டிக்குள் கிடந்தன. பாட்டிலம்மாவின் முப்பத்தொன்றும் அதற்குள்தான் கிடந்தன.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? இந்த ஆண்டுத் தரவரிசையில் முதலிடம் வந்ததே அந்த ‘மற்றவை’தான்! ஆமாம்! முதலிடம் பிடித்த துறைக்கு வாழ்த்துக் கடிதம் அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. மென்பொருளும் மறக்காமல் அச்சடித்தது: ‘மற்றவை துறைத் தலைவர் அவர்களுக்கு, தங்கள் அயராத உழைப்பைப் பாராட்டுகிறோம்.’ தபால் பிரிவு ஊழியர் அந்த உறையைத் தூக்கிக்கொண்டு இரண்டு நாள் மாடி மாடியாக ஏறி இறங்கினார். கடைசியில் மூச்சு வாங்க எங்களிடமே வந்தார். “மேடம், இந்த மற்றவை டிபார்ட்மென்ட் எந்த மாடியில இருக்கு? யாரைக் கேட்டாலும் அடுத்த பில்டிங்கைக் கைகாட்டுறாங்க.”

பாருங்கள், அரங்கமே குலுங்குகிறது! அன்று நாங்களும் இப்படித்தான் சிரித்தோம். நானும் சிரித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்த உறையைப் பிரித்து, பட்டியலில் ‘மற்றவை’யை மட்டும் அழித்துவிட்டு, இரண்டாம் இடத்தை முதலிடமாக்கி, அறிக்கையைக் குறித்த நாளுக்கு முன்பே அனுப்பி வைத்தோம். அந்தப் பெட்டிக்குள் யாருடைய வாழ்க்கை கிடக்கிறது என்று ஒருவராவது திறந்து பார்த்தோமா? நான் பார்த்தேனா? பார்க்கவில்லை! சரிபார்ப்பு அலுவலர் என்று பெயர்ப்பலகை வைத்துக்கொண்டு நான் சரிபார்க்கவில்லை. 

பாட்டிலம்மா சும்மா இருந்தாரா? இல்லை. பிழை திருத்தக் கேட்டு எங்களுக்கு இரண்டு முறை எழுதியிருக்கிறார். எங்கள் படிவத்தில் துறையின் குறியெண்ணை நிரப்பினால்தான் அடுத்த பக்கம் திறக்கும். பழைய எண்ணைப் போட்டார். ‘அப்படி ஒரு துறை இல்லை’ என்றது. புது எண்ணைப் போட்டார். ‘தங்கள் துறையில் கட்டுரை இல்லை, எனவே திருத்தமும் இல்லை’ என்றது. இதற்குப் பெயர் சேவை! தரவுச் சேவை!

நான் எங்கள் இயக்குநரிடம் ஓடினேன். அவர் கெட்டவர் அல்லர். அதை இந்த மேடையிலேயே சொல்கிறேன். முப்பத்தொரு தலைப்புகளையும் அவர் மேசையில் பரப்பினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: “ஏம்மா, அறிக்கை வெளியாயிடுச்சு. இப்ப மாத்தினா மொத்தப் பட்டியலும் தப்புன்னு ஆகும். அடுத்த வருஷம் சேர்த்துக்கலாம்மா.”

அடுத்த வருஷம்! ஐயா, எட்டு வயதுக் குழந்தையிடம் அடுத்த வருஷம் வரை தாகம் எடுக்காமல் இரு என்று நான் சொல்லட்டுமா? நீங்கள் சொல்கிறீர்களா? பட்டியல் தப்பு என்று ஆகிவிடுமே என்று அஞ்சுகிறோம். பட்டியல் தப்பாகத்தானே இருக்கிறது! தப்பைத் தப்பென்று சொன்னால் தலை குனிவு; தப்பைத் தங்கத் தாளில் அச்சடித்துத் தந்தால் விழாவா? எண்ணத் தெரிந்த நமக்கு எண்ணிப் பார்க்கத் தெரியவில்லையே! நமக்குக் கிடைத்த புதிய அறை யாரை வெளியே தள்ளிவிட்டுக் கிடைத்தது என்று கேட்கக்கூட நமக்கு வாய் வரவில்லையே!

பின்வரிசையில் யாரோ, “அதுக்கு இப்ப என்ன பண்ணச் சொல்றீங்க?” என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி கேட்டீர்கள். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். நான் செய்கிறேன்.

மாண்புமிகு துணைவேந்தர் அவர்களே! சரிபார்ப்பு அலுவலரின் கையெழுத்து இல்லாத அறிக்கை செல்லாது என்பது நீங்கள் போட்ட விதி. இதோ என் கடிதம். ‘தரவு சரிபார்க்கப்பட்டது என்று நான் இட்ட கையெழுத்து பொய். அதைத் திரும்பப் பெறுகிறேன்’ என்று எழுதியிருக்கிறேன். இனி அந்த அறிக்கை செல்லாது. அறிக்கை செல்லாதென்றால் பதினாலாம் பக்கம் செல்லாது. பதினாலாம் பக்கத்தை நம்பிப் போட்ட ஆணையை வைத்துக்கொள்வதும் கிழிப்பதும் உங்கள் கையில். என் வேலை போகும் என்றால் போகட்டும். பொய்க் கையெழுத்துப் போட்டவளுக்கு அந்தத் தண்டனை தகும். உண்மையாக உழைத்தவருக்குத் தகாது. வாங்கிக்கொள்ளுங்கள் ஐயா. அவையே சாட்சி.

வாங்கிக்கொண்டார். நன்றி ஐயா. கைதட்டாதீர்கள், தயவுசெய்து கைதட்டாதீர்கள்! நான் இன்னும் முடிக்கவில்லை. இனிச் சொல்வதுதான் எல்லாரும் கேட்க வேண்டியது.

அந்த டிரைவரைப் பாட்டிலம்மா வெறுங்கையோடு அனுப்பவில்லை. கட்டிய பெட்டியைப் பிரித்து, குழாய்களை எடுத்து, அந்தத் தண்ணீரைச் சோதித்துவிட்டார். ஒருமுறைக்கு மூன்றுமுறை சோதித்தார். ஆனால் முடிவை எழுதிக் கொடுக்க முத்திரை இல்லை. முத்திரை இல்லாத தாளை எந்த அலுவலகமும் வாங்காது. அந்தக் கிணற்றை மூட யாரும் வரமாட்டார்கள். முத்திரை இல்லாமலே அவர் எழுதித் தந்த அந்தத் தாள் நான்கு நாட்களாக என் கைப்பையில் இருக்கிறது. டிரைவர் வீட்டில் கிணற்றுத் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். அவர் சொல்லியும் மற்ற வீடுகள் நம்பவில்லை. முத்திரை எங்கே என்று கேட்கிறார்களாம்.

இந்த ஒலிபெருக்கி அந்தத் தெருவரைக்கும் கேட்கும் என்று மின்பணியாளர் அண்ணன் சொன்னார். கொஞ்சம் சத்தத்தைக் கூட்டுங்கள் அண்ணே. இன்னும் கொஞ்சம். போதும்.

கிணற்றுத் தெருத் தாய்மார்களே! உங்கள் கிணற்றுத் தண்ணீரில், பல்லைப் பழுப்பாக்குகிற புளோரைடு என்ற உப்பு இருக்க வேண்டிய அளவைப்போல் மூன்று மடங்கு இருக்கிறது. காய்ச்சினாலும் போகாது, துணி கட்டி வடிகட்டினாலும் போகாது. இன்று மாலையிலிருந்து அந்தத் தண்ணீரைக் குழந்தைகளுக்குக் குடிக்கக் கொடுக்காதீர்கள். சோற்றுக்கும் வைக்காதீர்கள். பழுப்புப் பல்லோடு நிற்கிற பிள்ளைகளை யாரும் அடிக்காதீர்கள். அவர்கள் ஒழுங்காகத்தான் பல் விளக்கினார்கள்.

இவ்வளவு நேரம் பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், சீட்டு அனுப்பியும் என்னை இறக்கிவிடாத மேடையில் உள்ள பெரியவர்களுக்கும் நன்றி கூறி, உங்களை வணங்கி விடைபெறுகிறேன். வணக்கம்.