வலப்பக்க அம்புக்குறியும் வாசலில் நின்ற அருணாதேவியும்

பச்சைக் கோப்பு ஒன்றைப் பத்திரமாக மடியில் வைத்தபடி விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய துணைவேந்தர் சைலஜா அம்மையார் அவர்களே! மேடையை அணிசெய்யும் பேராசிரியப் பெருமக்களே! பிள்ளைகளைப் பெற்று, பேணி, படிக்கவைத்து, இன்று என் பேச்சையும் பொறுத்துக்கொள்ள வந்திருக்கும் தாய்மார்களே! வேலையைப் போட்டுவிட்டு வேங்கிக்காலிலிருந்தும் அடி அண்ணாமலையிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே! கடைசி வரிசையில் தலைகுனிந்து, கைப்பேசிக்கு மட்டும் மரியாதை செலுத்திக்கொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே! இந்தப் பல்கலைக்கழகக் கலை அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர் குமரேசனின் கனிவான வணக்கங்கள்.

அழைப்பிதழில் 'உள்ளகப் பயிற்சி நிறைவு விழா' என்று அழகுத் தமிழில் அச்சடித்திருந்தோம். நேற்று ஒரு தகப்பனார் போன் செய்தார். "சார், இத்தினி நாளா இன்டர்ன்ஷிப்னுதானே பையன் சொன்னான்? இப்ப எதுக்கு சார் வேற எங்கியோ அனுப்பிட்டீங்க?" என்றார். ஐயா, இரண்டும் ஒன்றுதான். பையன் பத்திரமாக இருக்கிறார். இதோ, முதல் வரிசையில் சிரிக்கிறாரே கைலாஷ், அவரேதான்!

கோயில் பூசை செய்யும் குடும்பத்துப் பிள்ளை கைலாஷ். பயிற்சியின் முதல் நாள் பன்னிரண்டரை மணிக்கு நான் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் கூடம் இருட்டு! கதவு பூட்டு! வெளியே சென்னையிலிருந்து வந்த பதினைந்து பேர். தம்பி அவர்களிடம் சாந்தமாகச் சொல்லியிருக்கிறார்: "நடை சாத்தியாச்சுங்க. நாலு மணிக்கு வாங்க." யாராவது எதிர்த்துப் பேசினார்களா? இல்லை! பதினைந்து பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். கைதட்டாதீர்கள், தம்பி மறுபடியும் பூட்டிவிடுவார்.

அவர் ஆடி மாதம் மேல்படிப்புக்கு வடக்கே போகிறார். இங்கே ஓராண்டு தங்கி ஆராயும் ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பித்திருப்பவர் ஒருவர்தான். அடி அண்ணாமலை விவசாயக் குடும்பத்து அருணாதேவி. கிடைத்தால் இங்கே இருப்பார். கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை ஆசிரமத்துப் பக்கம் ஒரு காபிக் கடையில் பில் போடப் போவார். வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். முடிவு, நான் எழுதிய அறிக்கையைப் பொறுத்தது. அறிக்கை, அந்தப் பச்சைக் கோப்பில் இருக்கிறது. அதில் என்ன எழுதினேன்? பொறுங்கள், சொல்கிறேன்.

நம் கூடத்தை அறிவீர்கள். நடுவில் ஆளுயரக் கருங்கல் சிற்பம். சுவரைச் சுற்றி, ஒரு செவிலியரின் வாழ்க்கையைச் சொல்லும் இருபத்து நான்கு ஓவியங்கள். முதல் படத்தில் தொட்டில், நடுவில் திருமணம், கடைசியில் மரணம். வாசலில் வலப்பக்கம் திரும்பச் சொல்லிப் பெரிய அம்புக்குறி. வரைந்தவன் நான். வண்ணம் சிவப்பு. வழி தவற வாய்ப்பே இல்லை!

ஆனால், அன்பர்களே, இது எந்த ஊர்? மலையையே வலம் வருகிற ஊர்! நடுவில் கல்லைக் கண்டால் அதை வலக்கைப் பக்கம் வைத்துச் சுற்றுகிற ஊர்! உள்ளே நுழைந்தவர்கள் அம்புக்குறியைப் பார்த்தார்கள், ரசித்தார்கள், இடப்பக்கம் போனார்கள். கதையைக் கடைசியிலிருந்து பார்த்தார்கள். ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மொதல்ல செத்துட்டாங்க சார், மனசே ஆறல. அப்பறம் கல்யாணமாச்சு. கடைசில தொட்டில்ல பொறந்துட்டாங்க. நல்ல முடிவு சார்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு ஆத்திரம். அருணாதேவியை வாசலில் நிறுத்தினேன். "வர்ற ஒவ்வொருத்தரையும் வலப்பக்கம் அனுப்பும்மா. வேற வேலையே உனக்கு வேணாம்" என்றேன். ஒன்பது நாள் கழித்துப் போய்ப் பார்த்தால், யாரையும் அனுப்பவில்லை. நோட்டில் கோடு கிழித்துக்கொண்டிருக்கிறார்! "நானூத்திப் பன்னெண்டு பேர் வந்தாங்க சார். முன்னூத்தி எழுபத்தியொரு பேர் இடப்பக்கம் போனாங்க. ஜனங்களைத் திருப்பறது கஷ்டம். படத்தை மாத்தி மாட்டிடலாம் சார். செலவு கம்மி, ஆணிங்க அப்படியே இருக்கு."

கேட்டேனா? கேட்பேனா? இருபது வருடக் காப்பாட்சியனுக்கு இரண்டு மாதப் பயிற்சி மாணவி யோசனை சொல்வதா? அன்றைக்கே அறிக்கை எழுதினேன். ஒரே வரி. 'சொன்னதைச் செய்யாதவர்.' கையெழுத்திட்டு அனுப்பினேன்.

அடுத்த நாள் பௌர்ணமி. கிரிவலம் வந்தவர்கள் வெயிலுக்கு ஒதுங்கி உள்ளே வந்தார்கள். நானே வாசலில் நின்றேன். நானே வழிகாட்டினேன். நானே வலப்பக்கம் நடந்தும் காட்டினேன். என் பின்னால் நாலு பேர். எதிரே நாற்பது பேர். திருமணப் படத்துக்கு முன்னால் இரண்டு படையும் மோதி, மூச்சுவிட இடமில்லை! வேர்வையோடு நின்ற பெரியவர் ஒருவர் கேட்டார்: "ஏங்க, நாங்க இத்தினி பேரும் ஒழுங்கா வர்றோம். நீங்க மட்டும் ஏங்க எதிர்ல வர்றீங்க?"

அப்படியே திரும்பி அவர் பின்னால் நடந்தேன். மறுநாள் விடுமுறை. அருணாதேவியும் கைலாஷும் இருபத்து நான்கு படங்களையும் இறக்கி, வரிசையை மாற்றி மாட்டினார்கள். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். அந்தப் பெண் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

துணைவேந்தர் அவர்களே! பயிற்சி என்றால் என்ன? சொன்னதைச் செய்வது மட்டுமா? அதற்கு அந்த அம்புக்குறியே போதுமே! வந்தவர்களின் முகத்தைப் பார்க்காமல் சுவரை மட்டும் பார்த்தவன் நான். சுவரோடு சேர்த்து மனிதர்களையும் பார்த்தவர் அருணாதேவி. என் அவசரத்துக்காக அவர் ஓராண்டை இழக்கலாமா? அந்தக் கோப்பை ஒரு நிமிடம் தருவீர்களா, அம்மா?

நன்றி. பயப்படாதீர்கள், கிழிக்க மாட்டேன். 'சொன்னதைச் செய்யாதவர்.' இந்த வரியை அடிக்கப் போவதும் இல்லை. அது உண்மை. அதன் கீழே இன்னொரு வரி எழுதுகிறேன். உரக்கப் படிக்கிறேன்: 'சொன்னவர் தவறாகச் சொன்னார்.' குமரேசன், காப்பாட்சியர். இன்றைய தேதி.

இதோ, அம்மா பேனாவைத் திறக்கிறார்கள்... படிக்கிறார்கள்... கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்! மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் ராஜேந்திரன் ஐயா, அழாதீர்கள், உங்கள் மகளுக்கு ஓராண்டு ஃபெலோஷிப்! அருணாதேவி, காபிக் கடைக்குப் போன் செய்து சொல்லிவிடு. திங்கட்கிழமை இங்கே வா. வாசலில் நிற்க வேண்டாம், என் மேசைக்கு எதிரே உட்கார். நான் தப்பாகச் சொன்னால் அங்கேயே சொல்.

பொறுமையாகக் கேட்ட பெரியோருக்கும் தாய்மார்களுக்கும், கைப்பேசியை எப்போதோ கீழே வைத்துவிட்ட கடைசி வரிசைக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. கூடம் திறந்திருக்கிறது, போய்ப் பாருங்கள். அம்புக்குறியை அழித்துவிட்டேன். உங்கள் கால் திரும்புகிற பக்கத்தில்தான் தொட்டில் இருக்கிறது. வணக்கம்!