மாப்பிள்ளை கொண்டுவந்த பேர்ப் புத்தகம்

— "லோர்கன்". ஆங்காரம் பிடிச்ச குட்டிப் பயல்னு அர்த்தம் போட்டிருக்கு. இது எப்படிண்ணே?

— வேண்டாம் வே மாப்ள. மேட்டு வீட்டு லோர்கனைப் பாத்திருக்கீருல்லா? கன்னுக்குட்டிக்கு ஊசி போட டாக்டர் வந்தா, முதல்ல மயங்கி விழுறது அவன்தான். டாக்டரு கன்னுக்குட்டியை விட்டுட்டு இவன் மூஞ்சியில தண்ணி தெளிக்கணும்.

— சரி, "கொலம்". புறா. சாதுவான பேரு.

— எந்தக் கொலம்? போன வருசம் பந்தாட்டத்துல மூணு பேரு பல்லை உடைச்சுட்டு வெளிய வந்தானே, அந்தப் புறாவா?

— "ரூரி". செம்பட்டை முடி ராஜா.

— அவனுக்கு இருபத்தெட்டு வயசுலயே மண்டை வழுக்கை. ராஜ்ஜியம் பூரா பொண்டாட்டி கையில. அந்தத் தார் வாளியை இப்பிடித் தள்ளும். தோணிக்குத் தார் பூசுற இடத்துல மனுசன் சும்மா நிக்கப்பிடாது.

— என் சட்டையில பட்டுடும்ணே. மதியம் பால் எடுக்கப் போகணும்.

— பால் லாரிக்காரன் சட்டையில ஒரு பொட்டு கறுப்பு இருந்தா உலகம் முங்கிப் போவாது. தள்ளும். ஆமா, அந்தப் புஸ்தகத்துல உம்ம பேருக்கு என்ன போட்டிருக்கு?

— அது எதுக்கு இப்ப?

— ஓரன்னா என்னன்னு பாரும் வே. ஊரான் பேரையெல்லாம் படிக்கீரு, உம்ம பேரைத் தாண்டித் தாண்டிப் போறீரு.

— வெளிறினவன்.

— கேக்கல.

— வெளிறினவன்! வெளிறின குட்டிப் பயல்!

— எழுதுனவன் உம்மை நேர்ல பாத்துட்டுத்தான் எழுதியிருக்கான். அன்னைக்கி உம்மைத் தோணியில ஏத்திக் கூட்டிட்டுப் போனப்போ, சாப்பிட்ட சோடா ரொட்டி பூராவும் மீனுக்குப் போட்டீரே! மூஞ்சி அப்பிடித்தான் இருந்துச்சு.

— நான் ரோஸ்காமன்காரன்ணே. எங்க ஊர்ல தண்ணின்னா ஏரிதான். அது ஒரே இடத்துல நிக்கும். உங்க பேருக்கு என்ன தெரியுமா? டைக்னா கவிஞன்.

— நான் எழுதுன ஒரே கவிதை, சிங்கிறால் கூடு திருடுனவனைத் திட்டித் துறைச் சொவத்துல எழுதுனது. அதையும் சாமியாரு அழிக்கச் சொல்லிட்டாரு. அதை விடும். ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம், இன்னைக்கி வெள்ளி. புள்ளைக்கு இன்னுமா பேரு தேடுதீரு? உம்ம வீட்டுக்காரி மூரின் என்ன சொல்லுதா?

— அவ எங்கிட்டப் பேசி நாலு நாளாச்சு.

— ஓஹோ. சோறு?

— தட்டு வருது. வைக்கிற சத்தத்துலயே சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிடறா.

— அவ அப்பாவும் அப்பிடித்தான். கோவம் வந்தா துடுப்பை வைக்கிற சத்தத்துல துறையே அடங்கிரும். என்ன சண்டை?

— பேரு விஷயம்தான். அவ ஒரு பேரைச் சொல்றா, நான் வேணாங்கறேன்.

— என்ன பேரு?

— பேரு நல்ல பேருதான்.

— நல்ல பேருன்னா எதுக்கு வேண்டாங்கீரு? சொல்லும் வே, நானும் நல்லாருக்கா நொள்ளையான்னு பாக்கேன்.

— உள்ளதைச் சொல்றேன்ணே, நீங்க கோவிச்சுக்கக் கூடாது.

— சொல்லும்.

— டைக்.

— டைக்கா?

— அண்ணே, தார்! கால்ல ஊத்துது பாருங்க!

— ஊத்தட்டும். அது அவ அப்பா பேருல்லா. மூத்த பயலுக்கு உங்கப்பா பேரு வச்சாச்சு. ரெண்டாவது பையன் பொறந்தா பொண்ணோட அப்பா பேரு. நீரு பொறக்கும் முன்னேயிருந்து இருக்கிற முறை. மனுசனைப் புதைச்சு இன்னும் ஏழு வாரம் ஆவல. அதைப் போயி வேண்டாங்கீரே, கோட்டி கீட்டி பிடிச்சிருக்கா உமக்கு?

— உங்க பேரும் அதுதானேண்ணே.

— அதுக்கு?

— அதுக்கென்னவா? கல்யாணமாகி ஆறு வருசமாச்சு. பப்ல போய் உக்காந்தா எவனாவது ஒருத்தன் ஆரம்பிச்சிடறான். "டைக்கும் மூரினும் ஜோடி சேந்து ஆடினா தரை பத்திக்கும், தெரியுமா மாப்பிள்ளை"ங்கறான். இன்னொருத்தன், "மோதிரம் வாங்கக் கார்க் டவுனுக்குப் போக பஸ் ஏறினவங்கதான், பாதியில இறங்கிட்டாங்க"ங்கறான். நானும் சிரிச்சுக்கிட்டே குடிச்சிட்டு வரேன். இப்ப என் வீட்டு வாசல்ல நின்னு அவ "டைக், உள்ள வாடா"ன்னு கூப்பிட்டா தெருவே திரும்பிப் பாக்கும். நீங்களும் திரும்பிப் பாப்பீங்க. உங்க வீடு எங்க வீட்டுக்கு நாலாவது வீடுதானே?

— அப்போ நான் வீட்டை மாத்தணுமா?

— சேச்சே, அதில்ல. நீங்க ஒரு வார்த்தை சொன்னா மூரின் கேப்பா. வந்து, இந்தப் பேரு வேணாம்மான்னு சொல்லுங்க.

— நான் எதுக்குச் சொல்லணும்?

— உங்களுக்குச் சங்கடமா இருக்குன்னு.

— ஆக, பொறாமை உமக்கு, சங்கடம் எனக்கு. நல்ல பங்கு வே.

— பொறாமை இல்லண்ணே.

— பொறவு என்னது? நீரு மூஞ்சியைக் காட்டும். வெளிறுனது போயி இப்போ செவந்துல்லா கெடக்கு. சரி, வேண்டாம்னதுக்கு அவகிட்ட என்ன காரணம் சொன்னீரு?

— உண்மையை எப்படிச் சொல்றது? அப்பன் செத்து அழுதுக்கிட்டிருக்கறவகிட்ட, உன் பழைய ஆளு பேரு என் பிள்ளைக்கு வேணாம்னா? அதனால... பேரு பழசா இருக்கு, பள்ளிக்கூடத்துல பசங்க சிரிப்பாங்கன்னு சொன்னேன்.

— செத்த மனுசன் பேரைப் பழசுன்னீரு.

— ஆமா.

— அவ தட்டைத் தரையில வச்சாளேன்னு சந்தோசப்படும். உம்ம தலையில வச்சிருக்கணும்.

— தெரியுதுண்ணே. சொன்ன நிமிசமே தெரிஞ்சுபோச்சு. அவ பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அவங்கப்பா கோட்டு மாட்டியிருக்கிற அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. எனக்கு அதுக்கப்புறம் ஒரு வாய் இறங்கல. ஆனா அந்தப் பேரும் தொண்டையில இறங்க மாட்டேங்குது. நான் என்ன செய்ய?

— அந்தப் பெட்டியில உக்காரும். ஒண்ணு கேக்கேன். பப்ல கதை சொல்லுதானுவளே, அதுல எவனாவது அந்தக் கல்யாணம் எதுக்கு நின்னுச்சுன்னு சொன்னானா?

— இல்ல. நான் கேட்டா, மழை வருமான்னு ஜன்னலைப் பாக்கறாங்க.

— பாப்பானுவ. சொல்லிட்டா உம்மைச் சீண்டுறதுக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காதுல்லா. ஊரு பூரா தெரிஞ்சதை மாப்ளைக்கு மட்டும் மறைச்சு வச்சு ஆறு வருசமா வேடிக்கை பாத்திருக்கானுவ, சவத்து மூதிய. உம்ம வீட்டுக்காரியும் சொல்லல?

— அவ அந்தப் பேச்சையே எடுத்ததில்ல. நானும் கேட்டதில்ல. கேட்டா என்ன பதில் வருமோன்னு பயம்.

— இங்க பாரும். என் பேரு டைக்கே இல்ல வே.

— என்னண்ணே, நேரம் காலம் இல்லாம விளையாடறீங்க.

— விளையாடல. எனக்கு ஞானஸ்நானத்துல வச்ச பேரு ஃபின்பார். புஸ்தகத்துல இருக்கும், பாரும்.

— ஃபின்... ஃபின்பார். இருக்கு. வெள்ளைத் தலையன்.

— இந்தக் கரிச்சட்டித் தலைக்கு! பாத்தீரா, எங்கம்மை வைக்கிறப்பவே தப்பு. நான் மலைக்கு அந்தப் பக்கத்து ஊரு. எங்கப்பா இங்கிலாந்துக்கு ரோடு போடப் போனவரு. முதல்ல மாசம் ஒரு கடுதாசி வந்துச்சு. பொறவு கிறிஸ்துமஸுக்கு மட்டும். பொறவு அதுவும் இல்ல. பதினேழு வயசுல நான் வேலை தேடி இந்தத் துறைக்கு வந்தேன். உம்ம மாமனாரு தம் தோணியில ஏத்திக்கிட்டாரு. முதல் நாளே அலை தூக்கிப் போட்டு நான் கடலுக்குள்ள. அவரு என் முடியைப் பிடிச்சு, சாக்கு மூட்டையைத் தூக்குற கணக்கா உள்ள இழுத்துப் போட்டாரு.

— இதையெல்லாம் யாரும் எனக்குச் சொன்னதே இல்ல.

— கேளும். கரைக்கு வந்தா, துறையில நின்னவனுவ "யாரு டைக், இந்த நனைஞ்ச கோழி?"ன்னு கேட்டானுவ. அவரு கொஞ்சமும் யோசிக்கல. "இவனும் டைக்தான். சின்ன டைக்"ன்னாரு. அம்புட்டுதான். அன்னையிலிருந்து ஊருல எவனும் என்னை வேற பேரு சொல்லிக் கூப்பிடல. தபால்காரனே கூப்பிடல. அப்பன் விட்டுட்டுப் போன பயலுக்கு ஒரு மனுசன் தன் பேரையே தூக்கிக் குடுத்தாரு வே. அதைவிடப் பெரிய சொத்து எனக்கு இன்னைக்கி வரைக்கும் கிடையாது.

— அப்போ, ஊர்ல யாரும் இந்தப் பேரைக் கேட்டு...

— ஒருத்தனும் என்னை நெனைக்க மாட்டான். பேரு அவரோடது, நான் ஒட்டிக்கிட்டவன்னு ஊருக்கே தெரியும். உமக்கு மட்டும்தான் தெரியாது.

— ஆறு வருசம்ணே! ஆறு வருசமா உங்களைத் துறையில பாக்கறப்பல்லாம் என் மூஞ்சி வெளிறிப் போகும்.

— நான் அது கடல் ஒத்துக்கலைன்னு நெனைச்சேன்.

— அப்புறம் கல்யாணம் ஏன் நின்னுச்சு?

— அவதான் நிறுத்துனா. பஸ்ஸுல போறப்போ சொன்னா. "உன்னைக் கூப்பிடுறப்பல்லாம் எங்கப்பாவைக் கூப்பிடுற மாதிரி இருக்கு. கொஞ்சவும் வரல, திட்டவும் வரல. நீ உன் பழைய பேருக்கே போயிரு. இன்னைக்கே மோதிரம் போட்டுக்கறேன்"ன்னா.

— அவ்வளவுதானா கேட்டா?

— அவ்வளவுதான்.

— நீங்க?

— மாட்டேன்னுட்டேன்.

— ஒரு பேருக்காகவா!

— பேருக்காகத்தான். ஃபின்பார்னா அப்பன் போட்டுட்டுப் போன பய. டைக்னா ஒருத்தரு தேடித் தூக்குன பய. எப்பிடி விட முடியும்? அவ அடுத்த ஊருலயே இறங்கிட்டா. நானும் இறங்கிட்டேன். எதிர் எதிர் பக்கமா நின்னு திரும்பி வர பஸ்ஸுக்குக் காத்துக் கெடந்தோம், ஒரே பஸ்ஸுன்னு தெரிஞ்சும். ஒரு மாசம் அழுதாளாம். பொறவு ரோஸ்காமன்லயிருந்து ஒரு லாரி வந்துச்சு. ஓட்டுறவன் இறங்கிக் கடலைப் பாத்து வெளிறிப் போயி நின்னான். அவ சிரிச்சா. அன்னைக்கிச் சிரிச்சவதான், அவ அப்பா போற வரைக்கும் நிறுத்தல.

— நான் ஒரு மடையன்ணே.

— அதைத் தெரிஞ்சுக்கப் புஸ்தகம் வேண்டாம். எழுந்திரும். வீட்டுக்குப் போயி அந்தக் கதவைத் தட்டும். டைக்னே வைப்போம்னு சொல்லும்.

— சொல்றேன். காலைப் பிடிச்சாவது சொல்றேன். ஆனா நீங்க ஒண்ணு பண்ணணும். ஞானத்தகப்பனா நீங்கதான் நிக்கணும்.

— நானா? பப்ல உள்ளவனுவ என்ன சொல்லுவானுவ?

— சொல்லட்டும். இனிமே நான் ஜன்னலைப் பாக்கறேன்.

— ஏ, மாப்ளைக்கு நாக்கு முளைச்சிருச்சு! சரி, நிக்கேன். ஆனா ஒண்ணு. ஒரே தெருவுல ரெண்டு டைக் ஆவாது.

— ஏன்ணே? முன்ன மாதிரி பெரிய டைக், சின்ன டைக்னு இருந்துட்டுப் போகட்டும்.

— அப்போ உம்ம பய எனக்குச் சின்னதுன்னு ஆயிரும் வே. அது தப்பு. அவன் அவ அப்பாவுக்கு அடுத்தவன். நடுவுல நான் நிக்கப்பிடாது.

— அதுக்கு என்ன செய்ய முடியும்?

— ஞாயித்துக்கிழமை சாமியாரு ஞானத்தகப்பன் பேரைக் கேப்பாருல்லா? ஃபின்பார்னு எழுதச் சொல்லும். அன்னைக்கிப் பஸ்ஸுல அவ கேட்டு நான் குடுக்காததை, இன்னைக்கி அவ புள்ளை கேக்காமலே வாங்கிட்டான்னு மூரின்கிட்டச் சொல்லும்.